வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு நோட்டு: மூன்று வடிவமும் ஒரே கணக்கில்

இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போனால் இரண்டு மாதம் வரை அங்கேயே இருக்கும். டெஸ்ட், ஒருநாள், டி20 எல்லாம் சேர்ந்த பயணம் என்றால் பத்து ஆட்டத்துக்கு மேல்கூட வரும். போனில் ஸ்கோர் பார்த்தால் அன்றைய ஆட்டம் தெரியும். ஆனால் வலைப்பயிற்சியில் பந்துவீசக் கூட்டிப்போன சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 டிசம்பர் 2இல் கான்பெராவில் ஒருநாள், 4இல் அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமானது எப்படி என்பது அன்றைய ஸ்கோரில் தெரியாது. யார் காயம், யார் ஓய்வு, யாருக்குப் பதில் யார் என்று தொடர்ந்து எழுதி வைத்தால்தான் தெரியும்.

குமரி மாவட்டத்துப் படிப்பகமோ கிரிக்கெட் கிளப்போ வீட்டுத் திண்ணையோ, நாலு பேர் சேர்ந்தால் ஒரு பயணத்தை முழுதாக நோட்டில் பிடித்துவிடலாம். வேண்டியது 192 பக்க நீள நோட்டு ஒன்று, ஸ்கேல், நீலம் சிவப்பு பால்பாயின்ட் பேனாக்கள், ஒரு பென்சில். ஜெல் பேனா வேண்டாம். இங்கிலாந்துப் பயணம் வருவதே நமக்கு இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை நேரத்தில். காற்றின் ஈரத்துக்கு ஜெல் மை தாளில் ஊறிப் பரவிவிடும். ரன் நீலத்தில், விக்கெட் சிவப்பில், இன்னும் உறுதியாகாதது பென்சிலில்.

பக்கக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு 2, ஆட்டக்காரர் பட்டியலுக்கு 4, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் 6, ஒருநாளுக்கும் டி20க்கும் தலா 2, கடைசிக் கணக்குக்கு 2. ஐந்து டெஸ்ட், மூன்று ஒருநாள், மூன்று டி20 என்றால் 50 பக்கம். ஒரு நோட்டில் மூன்று பயணம் தாராளமாக அடங்கும்.

முதல் வேலை: நேரம்

அட்டவணையை அப்படியே பார்த்து எழுதினால் பாதி தவறு அங்கேயே வந்துவிடும். உள்ளூர் நேரம் ஒரு கட்டம், நம் நேரம் ஒரு கட்டம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இங்கிலாந்தின் கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 11க்கு டெஸ்ட் என்றால் இங்கே மாலை 3.30. உணவு இடைவேளை 5.30க்கு, 40 நிமிடம். மறுபடி 6.10. தேநீர் 8.10க்கு, 20 நிமிடம். 8.30க்குத் தொடங்கி 10.30க்கு முடியவேண்டும், 90 ஓவர் முடியாவிட்டால் இன்னும் அரைமணி நேரம், ஆக 11 மணி. இரவு நோட்டைப் பிடிப்பவர் இந்த அரைமணி நேரத்தையும் சேர்த்தே நேரம் ஒதுக்கவேண்டும். 10.30க்கு நோட்டை மூடிவிட்டுப் போவதால் கடைசி ஓவர்களில் விழுந்த விக்கெட் விடுபடுவது வழக்கமாக நடப்பது.

ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியும் மெல்போர்னும் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், அடிலெய்டு ஐந்து மணி நேரம். பிரிஸ்பேனும் பெர்த்தும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பிரிஸ்பேன் நாலரை, பெர்த் இரண்டரை. சிட்னியில் 10.30க்கு டெஸ்ட் என்றால் இங்கே விடியக்காலை 5. பிரிஸ்பேனில் 10க்கு என்றால் 5.30. அடிலெய்டு பகலிரவு டெஸ்ட் நமக்குக் காலை 9.30க்குத்தான் தொடங்கும், அதில் இடைவேளைகளின் பெயரும் வரிசையும் மாறும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கட்டங்களைத் தனியாகப் போடுங்கள்.

தென்னாப்பிரிக்கா மூன்றரை மணி நேரம் பின்னால். டெஸ்ட் பெரும்பாலும் பகல் 1.30 அல்லது 2. நியூசிலாந்து அவர்களுடைய கோடையில் ஏழரை மணி நேரம் முன்னால், நமக்கு நடுச்சாமம் தாண்டி மூன்றரை, நாலு. அதிகம் குழப்புவது மேற்கிந்தியத் தீவுகள். பார்படோஸ், ஆன்டிகுவா, டிரினிடாட் ஒன்பதரை மணி நேரம் பின்னால், ஜமைக்கா பத்தரை. பார்படோஸில் சனிக்கிழமை இரவு 8க்கு டி20 என்றால் நமக்கு ஞாயிறு காலை 5.30. தேதிக் கட்டத்தில் நம் தேதியையே எழுதி, அவர்கள் தேதியை அதற்குக் கீழே சின்னதாகப் போடுங்கள். இதைச் செய்யாத நோட்டில் ஒரே ஆட்டம் இரண்டு தேதியில் இரண்டு முறை ஏறியிருக்கும்.

நேரம் எழுதியாயிற்று என்றால் யார் எப்போது எழுதுவது என்று பிரிக்கலாம். இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே எழுந்துவிடுவார்கள். தோவாளைப் பூச்சந்தையிலும் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டங்களின் முதல் செஷனை (இடைவேளை வரையிலான இரண்டு மணி நேர ஆட்டம்) எழுத இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகு கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதமும் இங்கிலாந்து டெஸ்ட் மாதங்கள். மாலை 3.30க்கு எழுத ஆள் இருப்பார்கள். ஒருவர் ஒரு செஷனுக்கு மேல் எழுதவேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கண் தப்பும். எழுதியவர் பெயரின் முதல் எழுத்தை செஷன் ஓரத்தில் போட்டுவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது யாரைக் கேட்பது என்று தெரியும்.

ஆட்டக்காரர் பட்டியல்

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டெஸ்ட், ஒருநாள், டி20 என்று மூன்று கட்டம், கடைசியில் அகலமான குறிப்புக் கட்டம். அறிவித்த அணியோடு பட்டியலை நிறுத்திவிடாதீர்கள். கீழே குறைந்தது பத்து வரி வெற்றாக விடுங்கள். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தின் நாலு டெஸ்ட்டில் மட்டும் இந்தியா 20 பேரை ஆடவைத்தது. பிரிஸ்பேனில் ஆடிய வாஷிங்டன் சுந்தர் முதலில் அறிவித்த டெஸ்ட் அணியிலேயே கிடையாது. வெள்ளைப் பந்து ஆட்டங்கள் முடிந்தபின் வலையில் பந்துவீச அங்கேயே இருந்தவர். முதல் இன்னிங்ஸில் அவர் 62, ஷர்துல் தாக்கூர் 67, இருவரும் சேர்ந்து 123. வெற்று வரி விடாத நோட்டில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

குறிப்புக் கட்டத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: காயம், ஓய்வு, நீக்கம், வீடு திரும்பினார், வலை. காயத்தையும் ஓய்வையும் பிரித்துப் போடுவது முக்கியம். 2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார்: லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர். அது முதலிலேயே திட்டமிட்ட பணிச்சுமைக் கணக்கு. ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தால் பட்டியலைப் பார்த்தவுடன் புரியும். வெறும் பெருக்கல் குறி போட்டிருந்தால் ஃபார்ம் போய் நீக்கியதாகத் தோன்றும்.

தலையில் அடிபட்டதற்கு மாற்று ஆட்டக்காரர் 2019 முதல் உண்டு. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20: ஜடேஜா பேட் செய்தார், தலையில் பந்து பட்டது, அவருக்குப் பதில் சஹல் வந்து 25 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனும் ஆனார். இப்படி வரும்போது பன்னிரண்டு பெயர் எழுதவேண்டியிருக்கும். இருவரையும் அம்புக்குறியால் இணைத்து, எத்தனையாவது ஓவர் என்று போடுங்கள்.

டெஸ்ட் பக்கம்: ஓவர் ஓவராக வேண்டாம்

முழு ஸ்கோர்புத்தகம்போல் பந்து பந்தாக எழுத ஆரம்பித்தால் இரண்டாவது நாளே சலித்து நோட்டு நின்றுபோகும். டெஸ்ட்டின் அலகு செஷன். ஐந்து நாள், நாளுக்கு மூன்று, ஆகப் பதினைந்து வரி. ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டம்: ஓவர், ரன், விக்கெட், செஷன் முடிவில் மொத்த ஸ்கோர், வித்தியாசம், வானிலை.

இதில் வித்தியாசம்தான் உயிர். முதலில் பேட் செய்த அணி எத்தனை ரன் முன்னால் அல்லது பின்னால் என்பதைக் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுவது. 2020 அடிலெய்டு டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 244, ஆஸ்திரேலியா 191, வித்தியாசம் +53. இரண்டாம் நாள் முடிவில் இந்தியா 9/1, +62. மூன்றாம் நாள் முதல் செஷனில் எழுதவேண்டிய வரி: ரன் 27, விக்கெட் 8, ஷமி கையில் அடிபட்டு வெளியேறினார், மொத்தம் 36, வித்தியாசம் +89. இலக்கு 90. ஓவர் ஓவராக எழுதினால் பல வரிகளில் சிதறிப்போகும் ஒரு வீழ்ச்சி, இங்கே ஒரே வரியில் சிவப்பாக நிற்கும். அந்த வரிக்கு மேலே இருக்கிற +62ஐயும் பாருங்கள். முந்தின நாள் இரவு ஆட்டம் இந்தியாவின் கையில் இருந்தது என்பதும் அங்கேயே இருக்கிறது.

வித்தியாசம் பூஜ்யமும் ஆகலாம். 2025 லார்ட்ஸில் இரண்டு அணியும் முதல் இன்னிங்ஸில் 387. அந்தக் கட்டத்தை வெற்றாக விடாமல் 0 என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் என்றால் எழுத மறந்தது என்று அர்த்தமாகிவிடும்.

ஃபாலோ-ஆன் எல்லை, அதாவது இரண்டாவதாக ஆடிய அணி எத்தனை ரன் பின்தங்கினால் அதையே உடனே மறுபடி பேட் செய்யச் சொல்லலாம் என்பது, 200. முதல் நாள் முழுக்க மழையில் போனால் அது 150 ஆகிவிடும். பக்கத்தின் தலையில் பென்சிலில் 200 என்று போட்டு, அப்படி நடந்தால் அழித்து எழுதுங்கள். 80 ஓவருக்குப் பிறகு புதுப் பந்து எடுக்கலாம். எடுத்த ஓவரில் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போதும். அந்த வட்டத்துக்குக் கீழே விக்கெட் குவிந்ததா என்று பயணம் முடிந்தபின் பார்க்கலாம்.

பந்தின் பெயரைப் பக்கத்தின் மேலே எழுதத் தவறாதீர்கள். இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவிலும் டியூக்ஸ். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் கூக்கபுரா. நம் நாட்டில் எஸ்.ஜி. டியூக்ஸின் ஆறு வரித் தையலும் கையால் போட்டது. தையல் மேடு நீண்ட நேரம் தாங்கும். கூக்கபுராவில் நடு இரண்டு வரிதான் கைத்தையல், மற்றது இயந்திரம். மேடு சீக்கிரம் படிந்துவிடும். அதனால் ஆஸ்திரேலியாவில் முதல் 20, 25 ஓவரில் விழுந்த விக்கெட் எத்தனை என்று தனியாக எண்ணவேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கணக்கைவிட வானிலைக் கட்டம்தான் அதிகம் பேசும்: மேகம், வெயில், விளக்கு, தூறல் என்று ஒரே சொல் எழுதினால் போதும்.

குறிப்பு வரி ஏன் அகலமாக வேண்டும் என்பதற்கு 2025 தொடரே சான்று. மான்செஸ்டரில் ரிஷப் பந்த் 37 ரன்னில் காலில் அடிபட்டு வெளியேறினார், மறுநாள் திரும்ப வந்து 54 வரை ஆடினார். ‘37 காயம்’ என்று எழுதி அடித்துவிட்டால் மறுநாள் கணக்கு இடிக்கும். 37இல் ஒரு சாய்கோடு, பிறகு 54. ஓவலில் கடைசி நாள் கிறிஸ் வோக்ஸ் தோள் காயத்தோடு ஒரு கையைக் கட்டிக்கொண்டு இறங்கினார், ஒரு பந்தும் சந்திக்கவில்லை. பெயருக்கு எதிரே 0, பந்து 0, ஆட்டமிழக்கவில்லை. எண்களைப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். குறிப்பில் ‘ஒற்றைக் கை’ என்று இரண்டு சொல் எழுதினால்தான் இங்கிலாந்து 367க்கு ஆட்டமிழந்து 6 ரன்னில் தோற்ற அந்தக் காலை முழுதாகப் பதியும்.

வெள்ளைப் பந்து

இங்கே வேலை குறைவு. ஒருநாள் ஆட்டத்தில் மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடிய ஃபீல்டர்கள் அதிகபட்சம் முதல் 10 ஓவரில் இரண்டு பேர், 11 முதல் 40 வரை நாலு, கடைசி 10இல் ஐந்து. ஆகவே 10, 40, 50 ஆகிய மூன்று இடத்தில் ஸ்கோர் எழுதினால் போதும் என்றுதான் முன்பு இருந்தது. 2025 ஜூலை முதல் 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து (இரண்டு முனைக்கும் தனித்தனியாக). அதன்பின் பந்துவீசும் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை போடவேண்டும். அதனால் 34இலும் ஒரு கோடு போடுங்கள். டி20யில் 6, 15, 20.

மழை வந்தால் இலக்கை அடித்துத் திருத்தாதீர்கள். பழைய இலக்குக்குக் கீழே புது வரி: குறைந்த ஓவர், புது இலக்கு, நேரம். இரண்டாவது தடவை மழை வந்தால் மூன்றாவது வரி. டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் முடிவு சொல்ல இரண்டாவது பேட்டிங்கில் ஒருநாளுக்கு 20 ஓவர், டி20க்கு 5 ஓவராவது நடக்கவேண்டும். அந்த ஓவரைத் தொடுமுன் மழை வந்தால் ‘முடிவில்லை’ என்று எழுதுவதற்கு முன் அதிகாரபூர்வ அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

கணக்கு ஒத்துப்போகிறதா

தொலைக்காட்சி, போன் நேரலை, ஸ்கோர் செயலி மூன்றும் ஒரே நேரத்தில் ஓடாது. நேரலை சில பந்து பின்னால் இருக்கும், செயலி முந்திக்கொள்ளும். ஒருவர் ஒன்றைப் பார்த்து, இன்னொருவர் மற்றொன்றைப் பார்த்து எழுதினால் ஒரு விக்கெட் இரண்டு தடவை ஏறிவிடும். நோட்டுக்கு ஒரே மூலம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

இன்னிங்ஸ் முடிந்ததும் மூன்று கூட்டல். பேட்டர்களின் ரன்னும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்தால் மொத்தம் வரவேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக்-பை, தண்டனை ரன் சேர்ந்தாலும் அதே மொத்தம் வரவேண்டும். உதாரணமாக மொத்தம் 187, பந்துவீச்சாளர் கணக்கில் 176, பை 4, லெக்-பை 7, சரி. வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கிலேயே போய்விட்டன, திரும்பக் கூட்டாதீர்கள். கணக்கு இடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அடுத்தது லெக்-பையை பேட்டருக்கு எழுதியதில். மூன்றாவது, பந்துவீச்சாளர் விக்கெட்டும் ரன் அவுட்டும் சேர்ந்தால் விழுந்த விக்கெட் எண்ணிக்கை. காயத்தால் வெளியேறியவரை விக்கெட்டாக எண்ணக்கூடாது; அடிலெய்டில் ஸ்கோர் 36/9 என்று நிற்பது அதனால்தான்.

ஜூன், ஜூலையில் தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும், எப்போது வரும் என்று சொல்லமுடியாது. ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். இருந்தால் வைஃபை நிற்காது. தெருவில் இருக்கும் இணையப் பெட்டிக்கும் கரண்ட் போய்விட்டால் அதுவும் உதவாது. அதற்காக ஒரு போனை முழு சார்ஜில், ஸ்கோர் மட்டும் பார்க்க, தனியாக வைத்திருங்கள். விட்டுப்போன செஷனை மறுநாள் எழுதலாம், பென்சிலில், சரிபார்த்தபின் நீலத்தில்.

பயணத்தின் மொத்தக் கணக்கு

ஒவ்வொரு வடிவத்துக்கும் தொடர் முடிவு தனி. 2020-21இல் ஒருநாள் 1-2, டி20 2-1, டெஸ்ட் 2-1. டெஸ்ட்டுக்கு உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளி தனிக் கட்டம்: வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4. தரவரிசை பார்ப்பது மொத்தப் புள்ளியை வைத்து அல்ல, ஆடிய ஆட்டங்களில் எடுத்திருக்கக்கூடிய புள்ளியில் எத்தனை சதவீதம் என்பதை வைத்து. மெதுவாகப் பந்து வீசினால் குறைந்த ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு புள்ளி போகும். 2025 லார்ட்ஸ் வெற்றிக்குப் பிறகு இங்கிலாந்து 36க்கு 24இல் இருந்தது. இரண்டு புள்ளி வெட்டியபின் 22. 66.67 சதவீதம் 61.11 ஆயிற்று. இந்த அறிவிப்பு ஆட்டம் முடிந்தபின்தான் வரும். ஆகவே புள்ளிக் கட்டத்தை உடனே பேனாவில் எழுதவேண்டாம்.

மூன்று வடிவத்தையும் ஒரே எண்ணாக்க விரும்பினால் பெண்கள் கிரிக்கெட்டில் வழி இருக்கிறது. 2021இல் இந்தியப் பெண்கள் அணி ஆஸ்திரேலியா போனபோது டெஸ்ட் வெற்றிக்கு 4 புள்ளி, ஒருநாளுக்கும் டி20க்கும் தலா 2, டிராவோ முடிவில்லையோ என்றால் பாதிப் பாதி என்று வைத்தார்கள். ஒருநாள் தொடர் முடிவில் ஆஸ்திரேலியா 4-2. கர்ராராவில் பகலிரவு டெஸ்ட், ஸ்மிருதி மந்தானா 127, டிரா, 6-4. டி20யில் ஒன்று மழையில் போயிற்று, இரண்டு ஆஸ்திரேலியாவுக்கு, முடிவு 11-5. பெண்கள் பயணத்தை எழுதுகிறவர்கள் கட்டங்களை மாற்றவேண்டும்: அந்த டெஸ்ட் நாலு நாள், நாளுக்கு 100 ஓவர், ஃபாலோ-ஆன் எல்லை 150.

ஆண்கள் பயணத்துக்கு இது அதிகாரபூர்வக் கணக்கு அல்ல. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. 2020-21க்குப் போட்டால் ஒருநாள் 2-4, டி20 4-2, டெஸ்ட் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா என்பதால் 10-6. மொத்தம் இந்தியா 16, ஆஸ்திரேலியா 12.

இந்த எண்ணுக்குக் கீழே ஆட்டக்காரர் பட்டியலைத் திரும்ப எடுத்து, மூன்று வடிவத்திலும் ஆடியவர்களின் பெயருக்கு அடிக்கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, குழுவில் எழுதிய எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நோட்டை மாடி அலமாரியில் சுவரை ஒட்டி வைக்கவேண்டாம். மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுத்து அட்டை பூத்துவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, நடுத்தட்டில் நிற்கவைத்தால் அடுத்த பயணத்துக்கு அப்படியே எடுக்கலாம்.